காலம் கடந்த மோதல்கள்: ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தலைமுறை ஒப்பீட்டின் எல்லைகள்

கேள்வியும் அதன் வேர்களும்

வெவ்வேறு காலங்களில் உச்சத்தில் இருந்த இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்கள் நேருக்கு நேர் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்னும் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. குத்துச்சண்டையின் எடைப் பிரிவுகளில் மேல்வரம்பு இல்லாதது ஹெவிவெயிட் மட்டுமே. வெல்ட்டர்வெயிட் போன்ற பிரிவுகளில் 1940ஆம் ஆண்டின் வீரரும் 2020ஆம் ஆண்டின் வீரரும் ஒரே 147 பவுண்டு வரம்புக்குள் நிற்பதால், ஒப்பீட்டின் முக்கியமான ஒரு கூறு முன்கூட்டியே சமன்செய்யப்பட்டுவிடுகிறது. ஹெவிவெயிட்டில் அந்த வசதி இல்லை. அதே வேளையில், வரம்பற்ற பிரிவின் சாம்பியனே உலகின் ஆகப் பெரிய சண்டைக்காரர் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், ஒப்பிடுவதற்கு மிகக் கடினமான இப்பிரிவிலேயே ஒப்பிடும் ஆர்வமும் மிகுந்து காணப்படுகிறது.

இக்கேள்வியைக் களத்திலேயே தீர்த்துவிடும் முயற்சியும் தொடக்கத்திலேயே நடந்தது. தோல்வி காணாமல் ஓய்வுபெற்ற முன்னாள் சாம்பியன் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ், ஏறத்தாழ ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பிவந்து, 1910 ஜூலை 4 அன்று ரெனோ நகரில் அப்போதைய சாம்பியன் ஜாக் ஜான்சனை எதிர்கொண்டார். கறுப்பினத்தவர் ஒருவர் பட்டம் வைத்திருப்பதைப் பொறுக்காத இனவெறியே அப்போட்டிக்கு முதன்மையான தூண்டுகோல் என்றாலும், முந்தைய தலைமுறையின் சிறந்தவரையும் நடப்புத் தலைமுறையின் சிறந்தவரையும் நேரில் ஒப்பிடும் வாய்ப்பாகவும் அது அமைந்தது. ஜான்சன் பதினைந்தாம் சுற்றில் வென்றார். ஆயினும் விவாதம் முடியவில்லை: தோற்றவர் 35 வயதில் பெருமளவு எடையைக் குறைத்துக்கொண்டு வந்தவரேயன்றி உச்ச நிலை ஜெஃப்ரீஸ் அல்லர் என்ற மறுப்பு எழுந்தது. உண்மையில் நடந்த போட்டியும் கற்பனைப் போட்டிக்கு விடையாவதில்லை என்பதை அந்த முதல் சோதனையே காட்டிவிட்டது.

1922இல் 'தி ரிங்' இதழைத் தொடங்கிய நாட் ஃப்ளைஷர், இத்தகைய ஒப்பீடுகளுக்குத் தரவரிசைப் பட்டியல் என்னும் நிலையான வடிவத்தைக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர். ஹெவிவெயிட் வீரர்களின் பட்டியலில் அவர் ஜான்சனை முதலிடத்திலும் ஜெஃப்ரீஸை இரண்டாமிடத்திலும் வைத்தார். 1972இல் அவர் மறையும்வரை முகமது அலிக்கு முதல் பத்தில் இடம் தரவில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த பட்டியல்களிலோ அலியும் ஜோ லூயிஸும் முதல் இரண்டு இடங்களைப் பெறுவது வழக்கமாகிவிட்டது. 1887இல் பிறந்த ஃப்ளைஷர் தம் இளமையில் கண்டவர்களே அவர் பட்டியலின் உச்சியில் இருந்தனர் என்பதைக் கருதும்போது, இத்தகைய பட்டியல்கள் வீரர்களைப் போலவே மதிப்பிடுபவரின் தலைமுறையையும் பதிவுசெய்கின்றன என்று கொள்ள இடமுண்டு.

கணினியின் தீர்ப்பு

மனிதச் சார்பை நீக்கும் வழியாக 1960களில் கணினி முன்வைக்கப்பட்டது. மயாமியைச் சேர்ந்த தயாரிப்பாளர் முர்ரே வொரோனர், வேகம், குத்தின் வலிமை, அடி தாங்கும் திறன் முதலிய கூறுகளுக்கு வல்லுநர்களிடம் மதிப்பெண் பெற்று, அவற்றைக் கணினியில் இட்டு, 16 சாம்பியன்களுக்கிடையே ஒரு கற்பனைப் போட்டித் தொடரை 1967இல் வானொலி நிகழ்ச்சியாக வழங்கினார். இறுதியில் ராக்கி மார்சியானோ ஜாக் டெம்ப்சியை வென்றதாக முடிவு வந்தது. முன்னதாகவே ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அலி, தம் நற்பெயருக்கு இழுக்கு நேர்ந்தது என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1969இல் மயாமியில் ஒரு மூடிய அரங்கில் அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக்காகக் களமிறங்கினர். 13 ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வுபெற்றிருந்த மார்சியானோ அதற்காக உடல் எடையைக் குறைத்து, தலையில் பொய்முடி வைத்துக்கொண்டார். இராணுவத்தில் சேர மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டிருந்த அலிக்கு அப்போது உண்மையான போட்டி எதுவும் இல்லை. இருவரும் பல சுற்றுகளை நடித்துக் கொடுக்க, வெவ்வேறு முடிவுகளும் படமாக்கப்பட்டன. அவற்றுள் எது காட்டப்படும் என்பது நடித்த இருவருக்கும் சொல்லப்படவில்லை. 1970 ஜனவரி 20 அன்று வட அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான படத்தில் மார்சியானோ பதின்மூன்றாம் சுற்றில் அலியை வீழ்த்துவதாக இருந்தது. அம்முடிவைக் காண மார்சியானோ உயிரோடு இல்லை, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்திருந்தார். ஐரோப்பாவில் அலி வெல்வதாக வேறொரு முடிவு காட்டப்பட்டதாகவும் கூறப்படுகிறது.

இம்முயற்சியின் குறை கணினியின் வேகக் குறைவில் இல்லை. மதிப்பெண்களை இட்டவர்கள் மனிதர்கள். அவர்களுடைய முன்முடிவுகளே எண்களாக உள்ளே சென்று தீர்ப்பாக வெளியே வந்தன. இன்றைய கணினி விளையாட்டுகளிலும் பாவனை நிரல்களிலும் வீரர்களுக்குத் தரப்படும் மதிப்பெண்களுக்கும் இந்தக் குறை பொருந்தும்.

ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள்

விவாதங்களைத் தொகுத்து நோக்கினால், ஒரே சொற்களில் மூன்று வேறு கேள்விகள் கேட்கப்படுவது புலனாகிறது. முதலாவது இடமாற்றக் கேள்வி: 1919ஆம் ஆண்டின் டெம்ப்சி தம் உடலோடும் பயிற்சியோடும் அப்படியே இன்றைய களத்துக்கு வந்தால் என்ன ஆகும்? இரண்டாவது மறுபிறப்புக் கேள்வி: அதே இயல்பான திறனுடைய ஒருவர் இன்று பிறந்து, இன்றைய உணவும் பயிற்சியும் மருத்துவமும் பெற்று வளர்ந்திருந்தால்? மூன்றாவது ஆதிக்கக் கேள்வி: தம் காலத்து எதிராளிகளைவிட யார் அதிகம் உயர்ந்து நின்றார்? முதல் கேள்விக்கு உடலளவும் நுட்பமும் சான்றாகும். இரண்டாவதற்கு நேரடிச் சான்று கிடைப்பதே அரிது. மூன்றாவதற்குச் சாதனைப் பதிவுகள் உதவும். ஆனால் அது நேருக்கு நேர் மோதலைப் பற்றிய கேள்வியே அன்று. ஒரு தரப்பு மூன்றாவதற்கான சான்றைக் காட்டி முதலாவதற்கு விடை கூற, மறுதரப்பு முதலாவதற்கான சான்றைக் கொண்டு மூன்றாவதை மறுக்கிறது. நீடித்துவரும் கருத்து வேறுபாடுகளில் கணிசமானவை இக்குழப்பத்தால் விளைந்தவை.

உடலளவு சார்ந்த வாதம்

இடமாற்றக் கேள்விக்கு இன்று அதிகம் முன்வைக்கப்படும் விடை, பிற்கால வீரர்கள் உருவத்திலேயே பெரியவர்கள் என்பதாகும். மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ எடையும் 173 செ.மீ. கைவீச்சும் உடையவர், கைவீச்சு என்பது இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டும்போது விரல்நுனிகளுக்கு இடையிலுள்ள தொலைவு. லெனாக்ஸ் லூயிஸின் கைவீச்சு 213 செ.மீ., எடை 110 கிலோ அளவு. ஹெவிவெயிட்டுக்குக் கீழ் 1979இல் உருவாக்கப்பட்ட குரூஸர்வெயிட் பிரிவின் இன்றைய வரம்பு 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோ என்பதால், மார்சியானோவும் டெம்ப்சியும் இன்று ஹெவிவெயிட்டாகவே கருதப்பட மாட்டார்கள். எடை மிகுந்தவர் குத்துக்கு அதிக வலு சேர்க்கிறார், அடியை எளிதில் தாங்குகிறார். எதிராளியைக் கைகளால் பிணைத்துக்கொள்ளும் கட்டிப்பிடி நிலையில் தம் பாரத்தை அவர்மேல் சாய்த்துக் களைப்படையச் செய்கிறார்.

எதிர்வாதத்துக்கும் சான்றுகள் உண்டு. 1919இல் 85 கிலோ எடையுள்ள டெம்ப்சி, 111 கிலோ எடையுள்ள ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை கீழே சாய்த்தார். ஜோ லூயிஸ் 1935இல் தம்மைவிட மிகப் பெரிய பிரிமோ கார்னெராவை ஆறாம் சுற்றில் வென்றார். 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த மறுபோட்டியில் ஒலெக்சாண்டர் உசிக் தம்மைவிட 55 பவுண்டு அதிக எடையுள்ள டைசன் ஃபியூரியைப் புள்ளிகளில் தோற்கடித்தார்.

ஆனால் இச்சான்றுகளையும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். வில்லார்டுக்கு அப்போது 37 வயது. மூன்றாண்டுகளாகப் பட்டத்தை வைத்துக்கொண்டு களமிறங்காதிருந்தவர். கார்னெரா உடல் பெரியவரேயன்றி நுட்பம் மிக்கவர் அல்லர். இதற்கு மாறாக, லெனாக்ஸ் லூயிஸ் 1988இலும் விளாடிமிர் கிளிட்ச்கோ 1996இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். பெரிய உடலும் முறையான நுட்பமும் ஒருவரிடமே சேர்ந்தமைதான் பிற்காலத்தின் புதுமை. உசிக்கும் முந்தைய கால அளவில் சிறியவர் அல்லர். 102 கிலோ எடையுடன் களமிறங்கிய அவர், 1974ஆம் ஆண்டின் அலியைவிட எடை கூடியவர். ஆகவே ஓரளவுக்கு மேல் எடைகூடுவதால் கிடைக்கும் பயன் குறையக்கூடும் என்ற முடிவுக்கு உசிக்கின் வெற்றி துணைசெய்கிறதே தவிர, 85 கிலோ வீரர் 120 கிலோ வீரரை வெல்வார் என்பதற்குச் சான்றாகாது.

நுட்பத் தேய்வு சார்ந்த வாதம்

பழைய தலைமுறைக்கு ஆதரவானவர்கள், முற்கால வீரர்கள் அடிக்கடி களமிறங்கியதால் கலையில் ஆழ்ந்த தேர்ச்சி பெற்றிருந்தனர் என்கின்றனர். ஜோ லூயிஸ் 1940 டிசம்பருக்கும் 1941 ஜூனுக்கும் இடையில் மாதம் ஒன்று என்ற கணக்கில் ஏழு முறை பட்டத்தைக் காத்தார். இன்றைய சாம்பியன்கள் ஆண்டுக்கு ஓரிரு முறை களமிறங்குவதே வழக்கம். இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கும் நேரடிச் சான்றுகளும் உள்ளன: லாரி ஹோம்ஸ் 1992இல் தம் 42ஆம் வயதில், அதுவரை தோல்வியறியாத ரே மெர்சரைப் புள்ளிகளில் வென்றார்; ஜார்ஜ் ஃபோர்மன் 1994 நவம்பரில் தம் 45ஆம் வயதில் 26 வயது மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார்.

எனினும் 1970களின் வீரர்கள் 1990களில் ஈடுகொடுத்தார்கள் என்பதிலிருந்து 1910களின் வீரர்களும் ஈடுகொடுப்பார்கள் என்று அனுமானிக்க முடியாது. முற்கால ஆட்டத்தைக் கண்டு மதிப்பிடுவதும் எளிதன்று. கையால் சுழற்றி எடுக்கப்பட்ட படச்சுருள்கள் பிற்காலக் கருவிகளில் வேறு வேகத்தில் ஓடுவதால் அசைவுகள் இயல்பற்றவையாகத் தோன்றுகின்றன. போதாக்குறைக்கு, ஜான்சன் வென்ற போட்டிகளின் படங்களது பரவலைத் தடுக்கும் நோக்கில் அமெரிக்காவில் 1912இல் இயற்றப்பட்ட சட்டம், குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதை 1940 வரை தடைசெய்தது. அதிகப் போட்டிகள் அதிகத் தேர்ச்சியைத் தந்தனவா, அல்லது உடலைத் தேயவைத்தனவா என்பதும் இன்னும் முடிவாகாத கேள்வியே.

விதிகள் மாறும்போது முடிவுகளும் மாறும்

கற்பனைப் போட்டி எந்த விதிகளின்கீழ் நடக்கும் என்பதைப் பலர் குறிப்பிடுவதில்லை. முடிவையோ பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கக்கூடும். வில்லார்டு எழ முயன்றபோதெல்லாம் டெம்ப்சி அருகிலேயே நின்று மீண்டும் தாக்கியது 1919இல் அனுமதிக்கப்பட்டது. 1927இல் சிகாகோவில் ஜீன் டன்னியை ஏழாம் சுற்றில் கீழே சாய்த்தபோது, எதிராளி விழுந்தால் தொலைவிலுள்ள நடுநிலை மூலைக்குச் செல்ல வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. டெம்ப்சி உடனே நகராததால் நடுவர் எண்ணுவது தாமதமாயிற்று. பத்து விநாடிக்கு மேல் தரையில் இருந்த டன்னி, ஒன்பது எண்ணப்பட்டதும் எழுந்து, இறுதியில் போட்டியையும் வென்றார்.

சுற்றுகளின் எண்ணிக்கை இதைவிடவும் முக்கியமானது. தென்கொரிய வீரர் டுக் கூ கிம் 1982இல் போட்டியில் ஏற்பட்ட காயத்தால் இறந்ததைத் தொடர்ந்து, பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. 1980களின் இறுதிக்குள் முதன்மையான அமைப்புகள் அனைத்தும் இதை ஏற்றன. மார்சியானோ 1952 செப்டம்பரில் பிலடெல்ஃபியாவில் பட்டம் வென்ற போட்டியை இக்கோணத்தில் பார்க்கலாம். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் ஜெர்சி ஜோ வால்காட் முன்னணியில் இருந்தார்; பதின்மூன்றாம் சுற்றில் மார்சியானோவின் வலக்கைக் குத்து ஒன்று அவரை வீழ்த்தியது. 1941இல் பில்லி கானும் பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் இரண்டு அட்டைகளில் ஜோ லூயிஸைவிட முன்னணியில் இருந்து, பதின்மூன்றாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். இன்றைய விதிப்படி இரு போட்டிகளும் பன்னிரண்டாம் சுற்றோடு முடிந்திருக்கும். மார்சியானோவின் 49 போட்டி, தோல்வி ஏதுமில்லை என்ற சாதனையும், ஜோ லூயிஸின் 25 பட்டக்காப்புகளும் இன்று நாம் அறிந்த வடிவில் இருந்திரா. ஆயினும் பன்னிரண்டு சுற்று என்று முன்பே தெரிந்திருந்தால் நால்வரும் தம் ஆற்றலை வேறு விதமாகப் பகிர்ந்து செலவிட்டிருப்பர் என்பதால், இந்தக் கணக்கையும் உறுதியான முடிவாகக் கொள்ள முடியாது.

மருத்துவ மேற்பார்வையும் மாறியுள்ளது. 1954இல் எஸ்ஸார்ட் சார்ல்ஸுடனான மறுபோட்டியில் மூக்கு கிழிந்து இரத்தம் பெருகிய நிலையிலும் மார்சியானோ தொடர அனுமதிக்கப்பட்டு, எட்டாம் சுற்றில் வென்றார். 2003இல் லெனாக்ஸ் லூயிஸுக்கு எதிராக மதிப்பெண்களில் முன்னணியில் இருந்த விட்டாலி கிளிட்ச்கோவின் போட்டி, முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயங்களால் ஆறாம் சுற்றுக்குப் பின் நிறுத்தப்பட்டது.

சாதனைப் பதிவுகளும் விடுபட்ட எதிராளிகளும்

ஆதிக்கக் கேள்விக்கு விடை தேடுவோர் வெற்றி எண்ணிக்கையையும் பட்டக்காப்புகளையும் நாடுகின்றனர். ஆனால் ஒரு காலத்தின் முழுத் திறனும் களத்துக்கு வந்ததா என்ற வினா இங்கே குறுக்கிடுகிறது. ஜான்சன் சாம்பியனான பின் சாம் லாங்ஃபோர்டுக்குப் பட்டப் போட்டி கிட்டவில்லை; டெம்ப்சி, ஹாரி வில்ஸை எதிர்கொள்ளவே இல்லை. இருவரும் கறுப்பினத்தவர் என்பதால், இனப்பாகுபாடு அக்காலப் பட்டத்தின் மதிப்பையே ஓரளவு ஐயத்துக்குரியதாக்குகிறது.

பிற்காலத்தில் அரசியல் எல்லை வேறு விதமாகச் செயல்பட்டது. 1972, 1976, 1980 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன் தொழில்முறைக் களத்துக்கு வரவே இல்லை; சோவியத் வீரர்களுக்கும் அக்களம் நெடுங்காலம் மூடியே இருந்தது. எனவே 1970களைப் பொற்காலம் என்று கொண்டாடுவோர், உலகின் ஒரு பகுதி விலக்கப்பட்ட போட்டியையே கொண்டாடுகின்றனர். மறுபுறம், கிழக்கு ஐரோப்பா திறந்துவிடப்பட்ட பின் திறனாளர் பரப்பு விரிந்தது என்போர், அதே காலத்தில் அமெரிக்காவின் பெருத்த உடலுள்ள இளைஞர்கள் கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் சென்றுவிட்டனர் என்ற மறுப்பைச் சந்திக்க வேண்டியுள்ளது.

இணைப்புச் சங்கிலியும் அதன் சாய்வும்

சதுரங்கத்தில் எலோ தரமதிப்பீடும், புள்ளியியலில் 1952இல் முன்வைக்கப்பட்ட பிராட்லி-டெர்ரி மாதிரியும், நேரில் மோதாத இருவரைப் பொது எதிராளிகள் வழியே ஒப்பிட முயல்கின்றன. ஹெவிவெயிட்டிலும் அத்தகைய சங்கிலி இருக்கிறது: மார்சியானோ 1951இல் ஜோ லூயிஸையும் 1955இல் ஆர்ச்சி மூரையும் வென்றார், மூரை 1962இல் அலி வென்றார், அலியை 1980இல் ஹோம்ஸும், ஹோம்ஸை 1988இல் மைக் டைசனும், டைசனை 2002இல் லெனாக்ஸ் லூயிஸும் வென்றனர்.

இச்சங்கிலியை அப்படியே கணக்கிட்டால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடச் சிறந்தது என்ற விடையே வரும். ஆனால் மார்சியானோவிடம் தோற்றபோது ஜோ லூயிஸுக்கு 37 வயது. அலிக்கும் ஹோம்ஸுக்கும் தலா 38. மூர் நாற்பதைக் கடந்து அலியைச் சந்தித்தார். டைசன் தம் உச்சத்தை எப்போதோ கடந்திருந்தார். தலைமுறைகளை இணைக்கும் கண்ணிகளில் பெரும்பாலானவற்றில் மூத்தவர் தேய்நிலையில் இருந்ததால், இந்த ஒப்பீட்டு முறையே புதியவருக்குச் சாதகமாகச் சாய்ந்துள்ளது. வயதுக்கேற்ற திருத்தத்தைச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொருவரும் தேயும் வேகம் வேறானது என்பதை ஃபோர்மனே காட்டுகிறார். சதுரங்கத்தில் பழைய ஆட்டங்களின் நகர்த்தல்கள் எழுத்தில் இருப்பதால் இன்றைய கணினி அவற்றை நேரடியாக மதிப்பிட முடிகிறது. குத்துச்சண்டைக்கு அத்தகைய பதிவு இல்லை.

பாணிகளின் சிக்கல்

மேற்கண்ட முறைகள் யாவும், வீரர்களை மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் நிறுத்த முடியும் என்று கருதுகின்றன. 1970களின் நிகழ்வுகள் இக்கருத்துக்கு எதிரானவை. 1971இல் ஜோ ஃப்ரேஸியர் அலியை வென்றார். 1973 ஜனவரியில் ஃபோர்மன் ஃப்ரேஸியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை கீழே சாய்த்து வென்றார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை வீழ்த்தினார். 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்ற கென் நார்ட்டன், மறு ஆண்டு ஃபோர்மனிடம் இரண்டாம் சுற்றிலேயே வீழ்ந்தார்.

குனிந்து முன்னேறி வரும் ஃப்ரேஸியரின் முறை, தொலைவைக் காத்து ஆடும் அலிக்கு இடர் தந்தது. அதே முறை ஃபோர்மனின் கீழிருந்து மேலெழும் குத்துகளுக்கு அவரைத் தானாகவே இட்டுச்சென்றது. ஒருவரின் வெற்றி அவருடைய தனித்திறனைப் போலவே எதிராளியின் பாணியோடு அது பொருந்தும் விதத்தையும் சார்ந்தது என்பதை இது உணர்த்துகிறது. எனவே 'மிகச் சிறந்தவர்' என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கற்பனைப் போட்டிகள் அனைத்திலும் வெல்வார் என்ற முடிவு பிழையானது. பாணியை மட்டுமே நம்பி ஊகிப்போரும் தடுமாறலாம்: கின்ஷாசா போட்டிக்கு முன், ஃப்ரேஸியரையும் நார்ட்டனையும் நொறுக்கிய ஃபோர்மனே வெல்வார் என்பது பரவலான கணிப்பாக இருந்தது.

மதிப்பீடு

இதுவரையான விவாதத்திலிருந்து சில முடிவுகள் ஓரளவு நம்பிக்கையுடன் பெறப்படலாம். இடமாற்றக் கேள்வியில், உடலளவும் நுட்பமும் ஒருங்கே பெற்ற அண்மைக்கால வீரர்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வீரர்களைவிட வெற்றி வாய்ப்பு அதிகம் என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன. ஆனால் காலம் நெருங்க நெருங்க இந்தச் சாதகம் சுருங்குகிறது. 1970களுக்கும் 1990களுக்கும் இடையில் அது ஐயத்துக்குரியதாகிவிடுகிறது. ஆதிக்கக் கேள்வியில் ஜோ லூயிஸ், அலி ஆகியோருக்கான வாதம் உறுதியானது. ஆனால் அதை நேரடி மோதலுக்கான சான்றாகப் பயன்படுத்தக் கூடாது.

மறுபிறப்புக் கேள்வி தீர்க்கப்படாமலேயே நிற்கிறது. ஒருவரின் இயல்பான திறனையும் அவர் காலம் அவருக்கு அளித்ததையும் பிரித்தறியும் முறை எதுவும் இல்லை. வயதுத் தேய்வைத் திருத்திக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரிகளும், பழைய படச்சுருள்களின் வேகத்தைச் சீர்செய்து அசைவுகளை அளக்கும் முயற்சிகளும் எவ்வளவு தூரம் உதவும் என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும். அதுவரை, எந்த ஆண்டின் வீரர், எத்தனை சுற்று, எந்த விதி, எந்த எடை என்பவற்றை வரையறுக்காமல் சொல்லப்படும் விடைகளைத் தீர்ப்புகளாகக் கொள்வதற்கில்லை. அவற்றை வரையறுத்த பின்னரும், கிடைப்பது ஒரு குறிப்பிட்ட இணையைப் பற்றிய நிகழ்தகவு மட்டுமே.